இன்னாசியின் இயந்திரக் கை

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற இன்னாசி, படிகங்களை அளக்கும் எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடத்தில் இயந்திரக் கையைப் பழக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் திலகவதி, அவரைவிட இருபது வயது இளையவர்.

அங்கே அதுவரை எல்லாம் மனிதர் கைவேலை. கதிரை மூடி, கவச அறைக்குள் போய், ஊசிமுனையில் ஒட்டிய படிகத்தை மாற்றிவிட்டு வெளியே வந்து கதிரைத் திறக்க வேண்டும்.

"இனி அந்த அறைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது மேடம். எல்லாம் இதுவே செய்யும்" என்றார் இன்னாசி. சாப்பாட்டையும் மறந்து உழைத்தார்.

இயந்திரக் கை ஓடியது. ஆனால் ஊசியில் படிகம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேமராவில் சோதிக்கும்; கொஞ்சம் மங்கினாலும் நின்றுவிடும். எரிச்சலில் அந்தச் சோதனையையே நிரலிலிருந்து நீக்கினார். பிறகு அது நிற்கவே இல்லை.

மறுநாள் ஆய்வு மாணவி ரெஹானா தன் அளவீடுகளைப் பார்த்து முகம் வெளிறினாள். ஓர் ஊசி வளைந்து குறுக்கே நின்றிருக்கிறது. அடுத்து வந்த படிகங்கள் அதில் இடித்து உதிர்ந்திருக்கின்றன. கை வெறும் ஊசிகளை வரிசையாக அளந்து வைத்திருந்தது.

"மிச்சம் ஒரே ஒரு தட்டுப் படிகம்தான் சார். எனக்கு இங்கே கொடுத்த நேரம் சாயங்காலத்தோடு முடிகிறது."



திலகவதி மிச்சத் தட்டிலிருந்து ஓர் ஊசியை எடுத்து நீட்டினார். "நீங்களே போய் வையுங்கள் சார்."

வாங்கிக்கொண்டு போனவர் கவச அறைக் கதவருகே நின்றார். ஊசியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"ஏன் வந்துவிட்டீர்கள்?"

"படிகம் சாய்ந்திருக்கிறதோ என்று ஒரு சந்தேகம்."

திலகவதி கணினி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இன்னாசி ஊசியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்தார். நீக்கிய சோதனையை மீண்டும் எழுதினார். மதியத்துக்குள் மிச்சத் தட்டு இயந்திரத்தில் ஏறியது. கை நின்றபோதெல்லாம் கதிரை மூடி உள்ளே ஓடினார், சரிசெய்தார், வெளியே வந்து மறுபடி ஓட்டினார். பொழுது சாய்வதற்குள் ரெஹானா கடைசிப் படிகத்தின் அளவீட்டையும் வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி போனாள்.

இன்னாசிக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"இப்படி நின்று நின்று போகிறதே மேடம். இதை நம்பி நான் என்றைக்கு வீட்டுக்குப் போவது?"

"இன்றைக்கே போங்கள் சார். சந்தேகம் வந்தால்தான் இப்போது நிற்கிறதே."