செம்போத்து கட்டிய சாட்சி

தாமரைக் குளத்தின் கரையில் அன்று கூடியிருந்தோர் இவர்கள்: வழக்கை விசாரித்த நாமக்கோழி, தாமரை இலைமேல் அடைகாத்த முட்டைகளைப் பறிகொடுத்த தந்தை இலைக்கோழி, குற்றம் சாட்டப்பட்ட ஆமை, சாட்சி சொல்ல வந்த செம்போத்து, எதற்கெடுத்தாலும் கூச்சலிடும் இரண்டு தவளைகள்.

கடுங்கோடை. சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தக் குளத்திலும் நீர் இல்லை. குற்றம் உறுதியானால் ஆமை வெளியேற வேண்டும். வெளியேறினால் வெயிலில் மாள வேண்டும்.

"என் கண்ணால் கண்டேன்!" என்றது செம்போத்து. "நேற்று நண்பகலில் இந்த ஆமை தாமரை இலைமேல் ஏறி முட்டைகளை விழுங்கியது!"

"பார்த்தீரா அண்ணே, சாதுபோல இருந்துகொண்டு!" என்றது ஒரு தவளை.

"தள்ளுங்கள் வெளியே!" என்று குதித்தது மற்றது.

"நேற்று முழுவதும் சேற்றுக்குள்தானே கிடந்தேன், அம்மா!" என்று கதறியது ஆமை.

நாமக்கோழி அசையவில்லை. "ஆமை ஏறினால் இலை மூழ்காதா?"

"ஏறவில்லை! கீழிருந்து கழுத்தை நீட்டியது!"

"ஏறியது என்றீரே?"

"ஏறப் பார்த்தது, வழுக்கியது, பிறகுதான் நீட்டியது!"

நடவாததை இவ்வாறு இட்டுக்கட்டுவதை ஆங்கிலத்தில் 'ஃபேப்ரிகேட்' என்பர். பட்டறையைக் குறித்த பழைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. செம்போத்தின் பட்டறையில் அன்று ஓயாத வேலை!

"எங்கிருந்து பார்த்தீர்?"

"பனைமரத்திலிருந்து!"

இலைக்கோழி துள்ளி எழுந்தது. "பொய்! நீர் வற்றியதால் நேற்றுக் காலையில்தான் முட்டைகளை இறக்கையில் இடுக்கிக் கோரைக்குள் இருந்த இலைக்கு மாற்றினேன்! பனையிலிருந்து அந்த இலை தெரியவே தெரியாது!"

"அதனால்தான் இறங்கி வந்தேன்! கோரைக்குள் நுழைந்து, பக்கத்திலேயே நின்று பார்த்தேன்!"

"பக்கத்திலேயே நின்றவர் ஒரு குரல் கொடுத்திருக்கலாமே!" என்றது நாமக்கோழி. "இரை தேடப் போன தந்தை ஓடி வந்திருப்பாரே! ஏன் கொடுக்கவில்லை?"

"கொடுக்கத்தான் நினைத்தேன்! வாய் நிறைய முட்டை..."

பேச்சு பாதியில் நின்றது.

ஆமை மெல்லக் குளத்து நீருக்குள் இறங்கியது. செம்போத்து எவர் முகத்தையும் பாராமல் வறண்ட கரைவழியே நடந்து வெளியேறியது.

பொய்யைக் கட்டுபவன் அதன் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்து, கடைசி ஓட்டையைத் தன் குற்றத்தைக் கொண்டே அடைக்க நேரும்.