ஒரு டிக் விழுந்த சொல்

நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள் செல்வமேரி. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. கண் மட்டும் மடியில் கிடந்த செல்போனை விட்டு நகரவில்லை. பத்துத் தலைக்கு ஒரு தரம் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு புருசன் ததேயுவின் நம்பரைப் போட்டுப் பார்ப்பாள். ஒரு பெண் குரல் மரியாதையாகவே சொல்லும், அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று.

ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு. போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. போன நாளிலிருந்து கணக்கு வைத்தால் கரைக்கு வர நாற்பது நாளாவது ஆகும்.

அந்தக் கரையில் கடலுக்குப் போகிறவனிடம் 'போ' என்பதோடு யாரும் பேச்சை நிறுத்த மாட்டார்கள். 'போய்ட்டு வா' என்றுதான் சொல்வார்கள். ததேயு கிளம்பின அன்று குழம்பில் உப்புக் கூடிப்போய், அதில் தொடங்கின சண்டை எங்கெங்கோ போய்விட்டது. 'போங்க' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். மிச்சச் சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கருவாட்டை மூடி வைத்தாள். தூங்கின பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு பிரிஜித்தின் கடைக்கு நடந்தாள்.

பிரிஜித்தும் அவளும் அஞ்சாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. பிரிஜித் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறாள். ஊர்ப் பெண்களுக்கு அந்த விஷயத்தில் அவள்தான் குரு.

"என்னட்டி, போனையும் கருவாட்டோட சேத்துக் காயப்போட்டியா? இந்த மணம் மணக்குது!"

"ஒரு சந்தேகம், பிரிஜித். ஸ்விட்ச் ஆஃப்ங்கிறதுக்கும் எல்லைக்கு வெளியேங்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஸ்விட்ச் ஆஃப்னா போன் தூங்குது. மத்தது, போன் முழிச்சிருக்கு. டவரைத்தான் காணல."

"அப்போ அவரு முழிச்சுதான் இருக்காரு."

"போன் முழிச்சிருக்குன்னேன். உன் மாப்பிள்ளையப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்?"

செல்வமேரி சிரிக்கவில்லை. "அவருட்ட ஒரு சொல்லு சொல்லணும்."

"வாய்ஸ் மெசேஜ் போடு."

"டவரே இல்லாத எடத்துல இருக்காரு. இங்க இருந்து பேசினா காத்தோட போயிராதா? அது ஒரு தரம் சொல்ற சொல்லு. வீணாயிரக் கூடாது."

பிரிஜித் தன் போனை எடுத்து ஃபிளைட் மோடில் போட்டாள். "இப்ப நானும் நடுக்கடல்ல இருக்கேன். எனக்கு ஏதாவது பேசி அனுப்பு."

செல்வமேரிக்கு வெட்கம். "பிரிஜித், கருவாடு வேணுமா?" என்று பேசி அனுப்பினாள். ஒரு டிக் விழுந்தது.

"எங்க இருக்கு இப்ப அது?" என்றாள் பிரிஜித்.

"போச்சு."

பிரிஜித் யாருடைய போனுக்கோ சார்ஜ் பின் மாற்றினாள். டீ போட்டாள். இரண்டு பேரும் குடித்தார்கள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் தன் போனை எடுத்து ஃபிளைட் மோடை அணைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் டிங் என்றது. "பிரிஜித், கருவாடு வேணுமா?"

"வேணும். ஒரு பை நெறைய."

செல்வமேரி தன் போனைப் பார்த்தாள். இரண்டு டிக்.

"இவ்வளவு நேரமும் எங்க இருந்துச்சு?"

"ஆளு வரட்டும்னு நின்னுச்சு."

செல்வமேரி போனோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ததேயுவின் பெயரைத் தொட்டு, மைக்கை அழுத்தி, மூச்சு விடாமல் சொன்னாள்.

"வந்துருங்க."

ஒரு டிக்.

அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்:

"இது எத்தன நாள் நிக்கும், பிரிஜித்?"

"கம்பெனிக்காரன் முப்பது நாள் வச்சிருப்பான்னு சொல்றாங்க."

செல்வமேரி விரல் விட்டு எண்ணினாள். "அதுக்குள்ள வந்துருவாரு." அப்புறம் குரல் இறங்கியது. "அதுக்கு மேல?"

பிரிஜித் தன் போனைத் திறந்து நீட்டினாள். அவள் புருசன் ஜெரால்டின் பெயர். கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். ஒரே ஒரு டிக். தேதி, நாலு வருசத்துக்கு முந்தின புயல் மாசம்.

"அதுக்கு மேல நாமதான் வச்சிருக்கணும்."