ஓடு இறுகும் முன்னே

மலையடிவாரக் குளம் ஒன்றில் கட்டையன் என்ற நண்டும் செவலையன் என்ற நண்டும் வாழ்ந்து வந்தன. ஓடைத் தண்ணீர் குளத்துக்குள் இறங்கும் இடத்தில் ஒரு கல்லிடுக்கு இருந்தது. அத்திப்பழம், புழு, செத்த மீன் என்று எது அடித்து வந்தாலும் முதலில் அங்கேதான் ஒதுங்கும். அந்த இடுக்கு கட்டையன் வசம் இருந்தது. குளத்திலேயே பெரிய கொடுக்கு அதற்குத்தான். அது தின்று மிஞ்சியதுதான் மற்றவர்களுக்கு.

மழை விட்ட ஒரு காலையில் செவலையன் தன் வளைக்குள் போய், வாசலைச் சேற்றால் அடைத்துக்கொண்டது.

"இரை கொட்டுற நேரத்துல தூங்கப் போறான் பாரு, சோம்பேறி!" என்று கட்டையன் சிரித்தது.

நாட்கள் போயின. ஒரு நாள் சேறு விலகியது. வெளியே வந்த செவலையனைப் பார்த்துக் குளமே வாயைப் பிளந்தது. உடம்பு நன்றாகப் பெருத்திருந்தது. ஓடு தேய்த்து வைத்த செம்பு போலப் பளபளத்தது. கொடுக்கோ கட்டையனுடையதைவிடப் பெரிது!

"அடேயப்பா! செவலையண்ணே, ஆளே மாறிட்டீங்களே!" என்று பாறை மேலிருந்து தவளை கத்தியது.

கட்டையனுக்குத் தின்றுகொண்டிருந்த பழம் கசந்தது. 'ஓய்வு ஒழிச்சல் இல்லாம இங்கே நிக்கிறவன் நான். தூங்கி எழுந்தவனுக்குப் பேரா?'

அன்று முதல் செவலையனைப் பார்ப்பதே அதற்கு வேலையாகிவிட்டது. அவன் எங்கே போகிறான், என்ன தின்கிறான், யார் அவனிடம் சிரித்துப் பேசுகிறார்கள் என்று இதே நினைப்பு. இரை காலடியில் மிதந்து போனதுகூடத் தெரியவில்லை. பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் நேரிலேயே கேட்டுவிட்டது.

"உள்ளே என்னத்தைத் தின்னே? மறைக்காமச் சொல்லு!"

"ஒண்ணும் தின்னலப்பா. ஓடு இறுக்கிப் பிடிச்சுது. போய்ப் படுத்தேன். பழசு கழண்டுச்சு. புதுசு இறுகுற வரைக்கும் சும்மா கிடந்தேன்."

"சும்மா கிடந்தா கொடுக்கு வளருமா? யாரை ஏமாத்துறே!"

"நம்ம இனத்துக்கே அப்படித்தான் வளரும். உன் ஓடும் மங்கிப் போச்சு. நேரம் வந்தாச்சு போல. நீயும் போய்ப் படு."

கட்டையன் நம்புமா? 'நான் உள்ளே போகணும், இவன் என் இடத்துல உட்காரணும். அதானே திட்டம்!' என்று எண்ணியது. செவலையன் மேயப் போன நேரம் பார்த்து அதன் வளைக்குள் புகுந்து துழாவியது. மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. மூலையில் பாதி கொறித்த பழைய ஓடு மட்டும் கிடந்தது.

"எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கான்!" என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தது.

ஆனால் உடம்பு சும்மா இருக்குமா? கால்கள் கனத்தன. பசி நின்றது. ஓடு மூச்சை நெரித்தது. கொஞ்சம் அசந்தாலும் போதும், செவலையன் கல்லிடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். உடனே கட்டையன் திடுக்கிட்டு எழுந்துகொள்ளும்.

கடைசியில் நிற்கவும் முடியாமல், இடுக்கை ஒட்டிய ஒரு பள்ளத்தில் ஒடுங்கியது. வாசலை அடைக்கவில்லை. அடைத்துவிட்டால் செவலையனை எப்படிக் கண்காணிப்பது?

அங்கே அதன் ஓடு வெடித்தது. கட்டையன் மெல்ல மெல்லப் பின்பக்கமாக நழுவி வெளியே வந்தது. தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. எவ்வளவு பெரிய கொடுக்கு! செவலையனுக்குக்கூட இவ்வளவு பெரிதில்லை!

தவளை எட்டிப் பார்த்தது. "கட்டையண்ணே, உடம்பு இன்னும் மெத்துமெத்துன்னு இருக்கு. இறுகட்டும். அதுவரைக்கும் வெளியே வராதீங்க!"

அந்த நேரம் பார்த்துச் செவலையன் அந்தப் பக்கமாக வந்தது.

"பொறுத்திருக்கவா? அதோ வர்றான்! இப்பவே காட்டுறேன்!" கட்டையன் வெளியே பாய்ந்து, கொடுக்கை உயரத் தூக்கியது. "டேய் செவலை! இப்போ யாருது பெருசு?"

செவலையன் பதறிப்போனது. "உள்ளே போ கட்டையா! கரையில கொக்கு நிக்குது!"

"என்னை உள்ளே தள்ளிட்டு இடத்தைப் பிடிக்கலாம்னு பாக்குறியா?"

சொல்லி வாய் மூடவில்லை. கொக்கின் அலகு இறங்கியது. இறுகிய ஓடாக இருந்திருந்தால் வழுக்கியிருக்கும். நுங்கு போலிருந்த கொடுக்கை அது அப்படியே கவ்விக்கொண்டது. செவலையன் பாய்ந்து கொக்கின் கால்விரலை நறுக்கென்று கடித்தது. கொக்கு துடித்துப் பறந்தது. கட்டையனின் உயிர் தப்பியது. பெரிய கொடுக்கு பிய்ந்து கொக்கோடு போய்விட்டது.

கட்டையன் ஊர்ந்து தன் பழைய வளைக்குள் போய் விழுந்தது. வாசலில் செவலையன் வந்து நின்றது.

"இடுக்கை எடுத்துக்க. அதுக்குத்தானே வந்தே?" என்றது கட்டையன்.

செவலையன் வாசலிலேயே உட்கார்ந்தது. பிறகு சொன்னது: "அந்த இடத்தைப் பார்த்து நானும் ரொம்ப காலம் வெந்தவன்தான். உள்ளே கிடந்தப்பகூட, நீ வெளியே வயிறார தின்னுக்கிட்டிருப்பேன்னு நினைச்சுத் தூக்கம் வரல. எத்தனையோ தடவை வாசல் வரைக்கும் வந்து திரும்பினேன். அந்த இருட்டுல யோசிச்சுப் பார்த்தேன். நீ தின்னாலும் தின்னாட்டியும் என் ஓடு என் மேலதான் வளரணும். அது புரிஞ்ச அப்புறம்தான் தூங்கினேன்."

கட்டையன் தலை குனிந்தது. "என் கொடுக்கு?"

"அடுத்த தடவை ஓடு கழலும்போது முளைக்கும். முதல்ல சிறுசா இருக்கும். அப்புறம் பெருசாகும். ஆனா ஒவ்வொரு தடவையும் உள்ளே கிடந்தாகணும்."

கட்டையன் மிஞ்சிய கொடுக்கால் வாசல் சேற்றைத் தள்ளிப் பார்த்தது. "வாசலை அடைக்கணும். ஒத்தைக் கொடுக்கால முடியல. நீ அடைச்சு விடுறியா?"

செவலையன் சேற்றை அள்ளி அள்ளி வைத்தது. கடைசி வெளிச்சமும் மறைந்தது. யாரையும் பார்க்க வழியில்லாத அந்த இருட்டில் கட்டையன் கண்களை உள்ளே இழுத்துக்கொண்டு, கால்களை மடக்கி, வெகு நாளைக்குப் பிறகு அயர்ந்து தூங்கியது.

அடுத்தவன் வளர்வதைப் பார்த்து வெந்து, தான் அடங்கி ஓய வேண்டிய காலத்தைத் தவறவிடுகிறவன், தன் வளர்ச்சியைத் தானே கெடுத்துக்கொள்கிறான்.