கசக்காத செடி

வாடல் நோய்க்கு இரண்டு ஏக்கர் தக்காளியைப் பறிகொடுத்த பிறகுதான் யாகப்பன் மரபியல் படிக்க வந்தான். அவனுடைய பேராசிரியை பொற்கொடி.

காட்டுத் தக்காளிக்கு அந்த நோய் வராது. ஆனால் பழம் ஒரே கசப்பு. அதை நாட்டுத் தக்காளியோடு கலப்பினம் செய்து பார்த்தான். நோய்க்குத் தப்பிய அறுபது செடிகளின் பழமும் கசந்தது.

"கசப்பும் எதிர்ப்பும் ஒரே மரபணுதானா, மேடம்?"

"இருக்கலாம். ஒரே குரோமோசோம்ல ஒட்டி உட்கார்ந்திருக்கிற ரெண்டாவும் இருக்கலாம். ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாத்திக்கும்போது, சரியா அந்த ரெண்டுக்கும் நடுவுல அறுந்தாத்தான் பிரியும்."

"எப்ப அறும்?"

"நெருங்கி இருந்தா அபூர்வமாத்தான். ரெண்டாயிரம் செடி நடு."

நட்டான். நோய்க்கிருமி கலந்த மண்ணில் பாதி செத்துப்போனது. மிச்சத்தில் பழுத்ததையெல்லாம் கடித்துக் கடித்துத் துப்பினான். நாக்கு மரத்தது. சோறுகூடக் கசந்தது. இந்த ஆராய்ச்சி போதும் என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. வெள்ளிக்கிழமை வயலை உழுதுபோட டிராக்டர் வரும் என்றார்கள்.

வியாழன் காலை வயலிலிருந்து அலறல் கேட்டது.

"மேடம்! கசக்கலை! இது கசக்கலை!"

பொற்கொடி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். கடித்தாள். கண்ணை மூடி மென்றாள். முழுங்கினாள்.

"குதிக்காதே. நோய் வராத செடியா, நோய் வந்தும் இன்னும் வெளியே தெரியாத செடியா?"

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் வந்தது. வாடிய செடி ஒன்றின் தண்டை வெட்டி முதல் டம்ளரில் தொங்கவிட்டாள். வெட்டிய இடத்திலிருந்து பால்நூல் போலக் கிருமி தண்ணீரில் இறங்கியது.

கசக்காத செடியின் கிளையை இரண்டாவதில் விட்டாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"பிரிஞ்சிடுச்சுடா!" பொற்கொடி அவன் முதுகில் ஓங்கி அறைந்தாள். பிறகு டிராக்டரை நிறுத்தச் சொல்லிப் போன் போட்டாள்.

யாகப்பன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"அது ரெண்டும் எவ்வளவு நெருக்கமா இருந்திருக்கும், மேடம்? எதை வெச்சு அளக்கிறது?"

"பிரிஞ்ச ஒண்ணைக் கண்டுபிடிக்க எத்தனை கசப்பு தின்னியோ, அவ்வளவு நெருக்கம்."