யார் இட்ட உப்பு?

ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு மலை இருந்தது. காட்டில் மலை இருப்பதும் ஓர் அதிசயமா என்று கேட்பீர்கள். இந்த மலையின் பாறையை நக்கினால் உப்புக் கரிக்கும். அதனால் அதற்கு உவர்மலை என்று பெயர்.

உவர்மலையில் வரையாடுகள் வாழ்ந்தன. நாம் மாடிப்படி ஏறுவதைவிட எளிதாகச் செங்குத்துப் பாறையில் ஏறும் ஆடுகள் அவை. மலையில் இருந்த ஒரே சுனையும் அப்படிப்பட்ட ஒரு பாறை விளிம்பில்தான் இருந்தது. வரையாட்டின் குளம்பைத் தவிர வேறு எந்தக் காலும் அங்கே நிற்காது.

ஒருநாள் செந்நாய்க் கூட்டம் ஒன்று வந்து மலையைப் பிடித்துக்கொண்டது. தப்பிய ஆடுகள் பள்ளத்தாக்குக்கு ஓடின. தப்பாத ஆடுகள் உப்புச் சுரண்டும் வேலைக்கு அமர்த்தப்பட்டன. 'அமர்த்தப்பட்டன' என்பது செந்நாய்களின் சொல். அந்த ஆடுகளுக்கு அமர நேரமே கிடைக்கவில்லை.

செந்நாய்களுக்கு உப்பு எதற்கு? எதற்கும் இல்லை. அவற்றுக்கு வேண்டியது தண்ணீர். பள்ளத்தாக்கில் வற்றாத குளம் ஒன்று உண்டு. ஆனால் செந்நாய் அங்கே தலைகாட்டினால் யானைகள் மிதித்துவிடும். ஆகவே அவை ஒரு நரியைத் தரகு பேச அனுப்பின. பள்ளத்தாக்கு விலங்குகளுக்கு உப்பு, செந்நாய்களுக்குக் குளத்துத் தண்ணீர் என்று ஏற்பாடாயிற்று.

நரி என்றதும் 'தந்திரக்கார' என்று முன்னால் ஒட்டிவிடாதீர்கள். இது வெறும் பேச்சுக்கார நரி. இரண்டும் ஒன்றல்ல. அது குளக்கரை அத்திமரத்தடியில் உட்கார்ந்து, உப்பைத் தேக்கிலையில் பொட்டலம் கட்டி, "பளிங்கு உப்பு! பல் கூசாத உப்பு!" என்று கூவும்.

தப்பி வந்த ஆடுகளில் ஒன்றின் பெயர் கொம்பி. பிடிவாதமான ஆடு. அதன் மகள் மலைமேல் மாட்டிக்கொண்டிருந்தது. கொம்பி நாள்தோறும் அத்திமரத்தடிக்கு வந்து நிற்கும்.

"அதை வாங்காதீர்கள். அது எங்கள் மலை. என் மகளின் குளம்பு தேய்ந்து வந்த உப்பு அது."

"உன் கஷ்டம் தெரிகிறது, கொம்பி. ஆனால் என் கன்றுக்கு உப்பு வேண்டுமே" என்றது காட்டெருமை.

"நான் ஒருத்தி நக்காமல் விட்டால் உன் மலை திரும்பி வந்துவிடுமா?" என்றது மான்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்றது யானை. பழமொழி சொல்லிவிட்டால் அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை என்பது அதன் நம்பிக்கை.

நரி பொட்டலத்தை மடித்தபடியே சொன்னது: "மேலே இருக்கும் ஆடுகளுக்கெல்லாம் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. கொம்பிக்குத்தான் அது பொறுக்கவில்லை, பாவம்."

மறுநாள் கொம்பி கெஞ்சவில்லை. எல்லோரையும் பார்த்துத் தலை வணங்கியது.

"நன்றி சொல்ல வந்திருக்கிறேன். யானையாரே, நம் காட்டின் முதல் வழக்கம் என்ன?"

யானைக்கு இப்படிக் கேட்டால் போதும். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை! ஒருவர் உப்பைத் தின்றால் அவருக்குத் தீங்கு செய்யக்கூடாது. அவருக்கு ஆபத்து என்றால் துணை நிற்க வேண்டும். என் கொள்ளுத்தாத்தா ஒரு கரடியின் உப்பைத் தின்றுவிட்டு, சாகும்வரை அதற்குத் தேன்கூடு பறித்துக் கொடுத்தார்."

"நல்லது. நீங்கள் எல்லோரும் எங்கள் உப்பைத் தின்றிருக்கிறீர்கள். எங்கள் துணைக்கு எப்போது வருகிறீர்கள்?"

அத்திமரத்தடியில் மெல்லும் சத்தம் சட்டென்று நின்றது.

"உங்கள் உப்பு என்று யார் சொன்னது?" நரி துள்ளி எழுந்தது. "இது செந்நாய்களின் உப்பு!"

"கேட்டீர்களா, காட்டெருமை அக்கா? செந்நாய்களின் உப்பாம். இனி அவை உங்கள் கன்றைச் சுற்றி வளைத்தால் கொம்பைத் தூக்கிவிடாதீர்கள். உப்பிட்டவர்கள் அல்லவா?"

காட்டெருமை வாயில் இருந்ததைத் துப்பியது. "அடேய் நரி! நான் எந்த நாய்க்கும் கடன்படவில்லை!"

"கோபம் வேண்டாம், அம்மணி. பழமொழி 'உப்பிட்டவரை' என்றுதானே சொல்கிறது? 'உப்பு விற்றவரை' என்று சொல்லவில்லையே! விலை கொடுத்து வாங்கினால் நன்றிக்கடன் கிடையாது."

இலக்கணம் சரியாகத்தான் இருந்தது. யானைகூடத் தலையாட்டியது.

"விற்கட்டும். விற்பதற்கு அது அவர்களுடையதாக இருக்க வேண்டாமா?" என்றது கொம்பி. "மலையை அவர்களுக்குக் கொடுத்தது யார்?"

"யாரும் கொடுக்க வேண்டியதில்லை!" நரியின் குரல் கீச்சிட்டது. "அது யாருடையதும் அல்ல. பாறை தானாக விளைவித்த உப்பு. பாறைக்கு ஏது சொந்தக்காரர்?"

"யாருடையதும் இல்லை என்றால், அதற்கு விலையாகச் செந்நாய்கள் ஏன் நம் தண்ணீரைக் குடிக்கின்றன?"

இதைக் கேட்டது கொம்பி அல்ல, மான். கேட்டுவிட்டுத் தானே பயந்துபோய்க் காட்டெருமையின் பின்னால் ஒளிந்துகொண்டது.

யானை காதை ஆட்டுவதை நிறுத்தியது. உண்மையாக யோசிக்கும்போது மட்டும்தான் அது அப்படிச் செய்யும்.

"கொம்பி, நாங்கள் தின்றது உங்கள் உப்பு. கடன் கடன்தான். செந்நாய்களுக்கு இனி இந்தக் குளத்தில் ஒரு சொட்டும் கிடையாது."

"அப்படியானால் நமக்கு உப்பு?" என்றது காட்டெருமை.

"அதுவும் கிடையாது."

"குப்பையிலே என்றீர்களே?"

"கொஞ்ச நாள் குப்பையைத் தின்போம்."

சொல்வது எளிது. மான்கள் குளக்கரைக் களிமண்ணை நக்கி முகம் சுளித்தன. நரியோ, "ஒன்று வாங்கினால் ஒன்று இனாம்!" என்று தொண்டை வறளக் கூவியது. காட்டெருமைக் கன்று பொட்டலத்தைப் பார்த்துச் சப்புக்கொட்டியது. தாய் அதன் முகத்தை மறுபக்கம் திருப்பியது. யானை தன் துதிக்கையை நம்பாமல் அதைச் சுருட்டி வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டது.

மலைமேல் வெயில் ஏறியது. சுனை செந்நாய்களின் கண்ணுக்கு எட்டியது, காலுக்கு எட்டவில்லை. "நீங்கள் போய்த் தண்ணீர் கொண்டுவாருங்கள்!" என்று அவை ஆடுகளை அதட்டின. குளம்பால் உப்பைச் சுரண்டலாம், தண்ணீரை அள்ள முடியுமா? சுற்றிலும் குவியல் குவியலாக உப்பு. நடுவில் தாகம். இனி இந்த மலையால் என்ன லாபம் என்று தலைமைச் செந்நாய் உறுமியது. ஒரு காலையில், தொங்கிய நாக்குகளோடு, செந்நாய்கள் வேறு தண்ணீரைத் தேடிப் போய்விட்டன.

கொம்பி மூச்சிரைக்க மலை ஏறியது. மகள் நொண்டியபடி எதிரே வந்து தாயின் வயிற்றோடு ஒட்டி நின்றது.

சற்று நேரத்தில் அடிவாரத்தில் யாரோ கனைக்கும் சத்தம் கேட்டது. யானை நின்றிருந்தது. அதன் துதிக்கை உப்புப் பாறைவரை நீண்டது. தொடவில்லை. மெல்லப் பின்வாங்கியது.

"கொம்பி அம்மா, கொஞ்சம் உப்புக் கிடைக்குமா?"

"யாரிடம் கேட்கிறீர்கள்?" மேலிருந்து குரல் வந்தது.

"உங்களிடம்தான்."

"அப்படிக் கேட்டால் கிடைக்கும்."

நீதி: யாருடைய பொருள் என்று கேளாமல் வாங்குகிறவன், அதைப் பறித்தவனுக்குக் காவல் நிற்கிறான்.