கம்ப்யூட்டருக்குத் தெரியக்கூடாது

பொட்டலூர்க்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்து முடிப்பார்கள். அதனாலேயே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை. அந்த ஊரில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார்கள். மூத்தவன் ஒச்சப்பன், அடுத்தவன் மொக்கராசு, கடைக்குட்டி தவசி. கடைக்குட்டி என்று பெயர்தானே தவிர, வீட்டிலேயே பெரிய மீசை தவசிக்குத்தான்.

ஒச்சப்பனுக்கு நாற்பது தாண்டியும் பெண் அமையவில்லை. கடைசியில் கரட்டுப்பட்டி செல்லக்கிளி சந்தையில் இவனைப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பா கட்டமுத்துவோ, கார் வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குத்தான் பெண் என்று ஒரே பிடியாக நின்றார். "எங்கிட்ட கார் இருக்குங்க. வெள்ளிக்கிழமை அதுலயே வர்றேன்" என்று ஒச்சப்பன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

கார் இருந்தது உண்மைதான். வேப்பமரத்தடியில் வெள்ளையாக நின்றது. இஞ்சின்தான் எப்போதோ உயிரை விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை தவறினால் செல்லக்கிளியைக் கட்டிக்கொள்ள வேறொரு கார்க்காரன் தயாராக இருந்தான்.

தேனியில் ஒரு காயலான் கடையில், லாரி பின்னால் இடித்து நசுங்கிய சிவப்புக் காரின் இஞ்சின் கிடைத்தது. கூடவே ஒரு கட்டு வயரும், கையகலத்துக்கு ஒரு தகரப் பெட்டியும் கொடுத்தார்கள். அந்தப் பெட்டிதான் இஞ்சினுக்குக் கம்ப்யூட்டராம். வயர்க்கட்டைப் பிரித்துப் பார்த்து மிரண்டுபோய், மதுரையில் இருந்த கார் எலக்ட்ரீஷியன் ஜெயபாலுக்குப் போன் போட்டார்கள்.

"ரெண்டு வழி இருக்குண்ணே" என்றார் ஜெயபால். "புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போடலாம். ஆனா அதுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாத்தையும் நாமதான் சொல்லிக் குடுக்கணும். இல்லாட்டி பழசையே மாட்டலாம்."

மூவரும் போனைத் துணியால் மூடிக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"யாரு சொல்லிக் குடுக்கிறது? நான் மூணாங்கிளாஸோட நின்னவன்" என்றான் மொக்கராசு.

"நான் மூணாங்கிளாஸே ரெண்டு வருசம் படிச்சிருக்கேன். உன்னைவிட எனக்குத்தான் படிப்பு ஜாஸ்தி" என்றான் தவசி.

"நீ சொல்லிக் குடுத்தா அதுவும் ரெண்டு வருசம் படிக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகாது. பழசே போதும்" என்று ஒச்சப்பன் தீர்ப்புச் சொன்னான்.

"அப்ப ஒண்ணு கவனிங்க" என்றார் ஜெயபால். "பழைய கம்ப்யூட்டர் அது இருந்த கார்ல உள்ளதெல்லாம் இருக்கான்னு தேடும். இல்லேன்னு தெரிஞ்சா இஞ்சினை ஓட விடாது. இன்னும் பழைய கார்லயேதான் இருக்கோம்னு அதை நம்ப வைக்கணும். படம் அனுப்புறேன், அதுபடி வயரைச் சேர்த்தாப் போதும்."

படத்தில் கண்டபடியே வயர்களைச் சேர்த்தார்கள். அதில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நம்ப வைக்கணும் என்ற பேச்சு ஒச்சப்பனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நம் பெயரைக் கேட்டாலே அதற்குச் சந்தேகம் வந்துவிடாதா என்று பயந்தான். உடனே வெள்ளைக் காருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். பானெட் பக்கம் நின்று யாரும் சொந்தக் கதை பேசக்கூடாது என்று கட்டளை போட்டான்.

மொக்கராசு காயலான் கடைக்குப் போய்ப் பழைய ஓனரைப் பற்றி விசாரித்து வந்தான். அவர் ஒரு பேங்க் மானேஜர், பெயர் ஞானசிகாமணி. சம்சாரம் முன் சீட்டில் இல்லாமல் வண்டியையே எடுக்க மாட்டாராம்.

"சம்சாரத்துக்கு எங்கடா போறது? அதுக்குத்தானே காரே ரெடி பண்றேன்" என்று ஒச்சப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

இரண்டு அண்ணன்களும் மெதுவாகத் தவசியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பச்சைச் சேலையும் மல்லிகைப் பூவுமாகத் தவசி முன் சீட்டில் உட்கார்ந்தான். மீசையை எடுக்க மாட்டேன் என்று அழுததால் முந்தானையால் மூடிக்கொள்ளச் சொன்னார்கள். ஒச்சப்பன் சாவியைத் திருப்பினான். இஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. ஒச்சப்பனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"சார், இன்னைக்குக் கரட்டுப்பட்டியில மாட்டு லோன் விசாரணை இருக்குங்களே" என்று பின் சீட்டிலிருந்து மொக்கராசு சத்தமாகச் சொன்னான். மானேஜர் கரட்டுப்பட்டிக்குப் போக ஒரு காரணம் வேண்டாமா?

பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அணைத்தால் மறுபடி யோசிக்க ஆரம்பித்துவிடும் என்று இஞ்சினை அணைக்கவில்லை. கட்டமுத்து சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர் முன் சீட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"மாப்ள, இது யாரு?"

ஒச்சப்பன் பானெட்டைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் இஞ்சின் நிற்கும், சொல்லாவிட்டால் கல்யாணம் நிற்கும்.

"என் சம்சாரம்" என்றான்.

சந்தனக் கிண்ணம் கீழே விழுந்தது. உள்ளிருந்து ஒருவர் அரிவாளைத் தேடும் சத்தம் கேட்டது. ஒச்சப்பன் கட்டமுத்துவின் கையைப் பிடித்துத் தெருமுனை வரை இழுத்துப்போய், காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னான். ஜன்னலோரம் நின்ற செல்லக்கிளியும் பின்னாலேயே வந்து கேட்டாள்.

"இதை முதல்லயே சொல்ல வேண்டாமா? வாசல்ல நின்னு மாப்ளன்னு வாய்தவறிக் கூப்பிட்டுட்டேனே!" என்று கட்டமுத்து வருத்தப்பட்டார்.

செல்லக்கிளி வீட்டுக்குள் போய்க் காபி கொண்டுவந்தாள். நேராக முன் சீட்டுக்குப் போய், பானெட்டுக்குக் கேட்கும்படி, "மானேஜரம்மா, காபி எடுத்துக்கங்க. சாரும் நீங்களும் நல்ல பொருத்தம்" என்றாள். ஒச்சப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏழு ஜென்மம் தேடினாலும் இப்படி ஒருத்தி கிடைப்பாளா என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த மாதமே கல்யாணம். தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை காரில் ஏறினான். பக்கத்தில் தவசி. பெண் தன் பெட்டியோடு டவுன் பஸ்ஸில் ஏறினாள். பஸ் காரைத் தாண்டும்போது செல்லக்கிளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஒச்சப்பன் ஆசையாகக் கையைத் தூக்கினான்.

தவசி அந்தக் கையில் பளீரென்று ஒரு அடி வைத்தான்.

"மானேஜர் அப்படிப்பட்ட ஆளு இல்லண்ணே!"