மடியில் ஒரு மாவுச் சாடி

சீன நாட்டு மலைச்சரிவு ஒன்றில் யுன்ஷி என்ற பெண்துறவி இருந்தார். வயது நாற்பது. ஒரே சீடர் போவென், ஆற்றில் படகு ஓட்டிக் களைத்து அறுபதாம் வயதில் வந்து சேர்ந்தவர். சீடருக்குக் குருவைவிட வயது அதிகம் என்று ஊர் சிரித்தது. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வசந்தத்தில் யுன்ஷிக்கு நெஞ்சுநோய் கண்டது. நாடி பார்த்த வைத்தியர் போவெனைத் தனியே அழைத்தார். "இலை உதிரும் காலம்வரை தாங்கினால் பெரிது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து போவெனுக்குச் சோறு இறங்கவில்லை.

கோடையின் மிக நீண்ட பகல் வந்தது. அன்று நண்பகலில் கோதுமை நூடுல்ஸை வேகவைத்து, கிணற்று நீரில் குளிரவைத்துச் சாப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். சாப்பிட்ட மறுநாளிலிருந்து பகல் தினமும் ஒரு நூலளவு குறையும் என்பார்கள்.

விடியும்போதே போவென் மாவுச் சாடியைத் தூக்கிக்கொண்டு மூங்கில் தோப்புக்குப் போய்விட்டார். சாப்பிட்டால்தானே பகல் குறையும்? பகல் குறைந்தால்தானே இலை உதிரும்? சாடியை மடியில் வைத்துக் காவல் இருந்தார்.

வெயில் மூங்கில்களுக்கிடையே அசையாமல் நின்றது. சிள்வண்டுகள் ஒரே சுருதியில் பாடின. பாதித் தூக்கத்தில், பகல் இனி நகராது என்றே அவருக்குத் தோன்றியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மனம் சந்தோஷமாக இருந்தது.

கண் திறந்தபோது எதிரே யுன்ஷி, கோலை ஊன்றி, மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"மாவு எங்கே?"

"எலி தின்றுவிட்டது, குருவே."

குரு சாடியைப் பார்த்தார். "அந்த எலிக்கு நரைத்த தாடியோ?"

போவென் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லும்போதே அழுதார்.

"வைத்தியர் என்னிடமும் சொன்னார்" என்றார் குரு. கையிலிருந்த மான்கொம்பை அவரிடம் நீட்டினார். "வரும் வழியில் கிடந்தது. கோடை உச்சிக்கு வந்ததும் மான் கொம்பை உதிர்த்துவிடுகிறது. இந்த மானுக்கு நூடுல்ஸ் போட்டது யார்?"

கொம்பின் அடியில் ஈரம் காயவில்லை. போவென் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்படியானால் நிறுத்த வழியே இல்லையா, குருவே?"

யுன்ஷி மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்றைக்கு வெளிச்சம் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"நெடுநேரம் இருக்கும். வருஷத்திலேயே நீண்ட பகல் அல்லவா?"

"அந்த நீண்ட பகலில் பாதி, உங்களைத் தேடியே எனக்குப் போய்விட்டது. எழுந்திருங்கள், பசிக்கிறது."